நடு ஸ்பீக்கர் யாருக்காக?

5.1 ஒலிக்கலவை செய்யும் மென்பொருள் எதைத் திறந்தாலும் அதன் சரவுண்ட் பேனர் சன்னலில் ஒரு சதுரமோ வட்டமோ இருக்கும். அதன் விளிம்பில் ஐந்து குட்டி ஸ்பீக்கர் படங்கள், உள்ளே ஒரு புள்ளி. மவுஸால் புள்ளியை எந்தப் பக்கம் இழுத்தாலும் சத்தம் அந்தப் பக்கம் போகும். விளையாட்டுச் சாமான் மாதிரி இருப்பதால் புதிதாகக் கற்பவர்கள் முதல் அரை மணி நேரத்தை ஒரு ஹெலிகாப்டரை அறை முழுக்கச் சுற்றவிட்டே கழிப்பார்கள். அதே சன்னலின் ஓரத்தில் சட்டென்று கண்ணில் படாத ஒரு குமிழ் இருக்கும். 'சென்டர்' என்று பெயர், பக்கத்தில் ஒரு சதவீதக் கணக்கு. இந்தக் கட்டுரை அந்தக் குமிழைப் பற்றி மட்டும்தான். ஹெலிகாப்டர் ரசிகர்கள் மன்னிக்க :)

குமிழ் கேட்பது ஒரே கேள்வி. திரைக்கு நேர் நடுவிலிருந்து வருவதாகத் தோன்ற வேண்டிய குரலை எப்படி அனுப்புவது? நடுவில்தான் நிஜமாகவே ஒரு ஸ்பீக்கர் இருக்கிறதே, அதற்கே அனுப்பலாம். அல்லது அதைச் சும்மா விட்டுவிட்டு இடது, வலது ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் ஒரே அளவில் அனுப்பலாம். அப்போதும் குரல் நடுவில்தான் கேட்கும், அங்கே ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும். இந்த இரண்டாவதற்குத் துறையில் ஃபாண்டம் சென்டர் என்று பெயர். பேய் நடு என்று மொழிபெயர்த்தால் ஸ்டூடியோக்காரர்கள் சிரிப்பார்கள், மாய நடு என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இரண்டு ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கும் எல்லோருக்கும் இந்த மாய நடு பழக்கமானதுதான். பாடகர் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் இடையில், சுவரிலிருந்து வருகிறதே, அதுதான்.

மாய நடுவே போதுமென்றால் நிஜமான நடு ஸ்பீக்கர் எதற்கு? நிறைய பேர் நினைப்பதுபோல இது 5.1 வந்தபிறகு சேர்த்த ஒட்டு இல்லை. உண்மையில் மூன்றுதான் முதலில் வந்தது என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை.

பிரிட்டனில் இஎம்ஐ நிறுவனத்தில் வேலை பார்த்த ஆலன் ப்ளம்லைன், சினிமாவுக்குப் போன இடத்தில் நடிகர் திரையில் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறு பக்கத்திலிருந்து வருவதைக் கண்டு எரிச்சலடைந்து, இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1931 டிசம்பரில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இரண்டு சானல் முறைக்கு. அதே காலத்தில் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தினர் வேறு வழியில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். இசைக்குழுவுக்கு முன்னால் திரைச்சீலை தொங்குவதுபோல எண்ணற்ற மைக்குகளை நிறுத்தி, இன்னொரு அரங்கில் அதேபோல எண்ணற்ற ஸ்பீக்கர்களை நிறுத்தினால் அந்த இசை அப்படியே அங்கே கேட்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எண்ணற்றதை எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்று பார்த்துக்கொண்டே வந்து மூன்றில் நின்றார்கள். 1933 ஏப்ரல் 27 அன்று பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவை மூன்று மைக், மூன்று தொலைபேசித் தடங்கள், மூன்று ஸ்பீக்கர் வழியாக வாஷிங்டனில் ஓர் அரங்கில் கேட்கவைத்தார்கள். அந்தக் குழுவின் நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி அன்று வாசிப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வாஷிங்டனில் கட்டுப்பாட்டுக் குமிழ்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவரை மிக்ஸிங் இன்ஜினியர்களின் முன்னோர் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

அதே ஸ்டோகோவ்ஸ்கி 1940ல் டிஸ்னியின் 'ஃபேண்டேசியா' படத்திலும் இருந்தார். அந்தப் படத்துக்காக உருவாக்கிய ஃபேண்டசவுண்ட் முறையிலும் திரைக்குப் பின்னால் இடது, நடு, வலது என்று மூன்று சானல்கள்தான். ஒரு ஒலியை ஒரு ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த டிஸ்னியின் பொறியாளர்கள் ஒரு சுற்றை அமைத்து அதற்குப் பேன் பாட் என்று பெயர் வைத்தார்கள். இன்று எல்லா மென்பொருளிலும் பேன் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் பிறப்பு அங்கேதான். கவனிக்க வேண்டியது, அந்த முதல் பேன் பாட்டே நடு ஸ்பீக்கரையும் சேர்த்த மூன்று வழிக் கருவி என்பதை. 1953ல் 'தி ரோப்' படத்தோடு வந்த சினிமாஸ்கோப்பிலும் திரைக்கு மூன்று, அரங்கின் பக்கங்களுக்கு ஒன்று என நான்கு காந்தத் தடங்கள்.

அப்படியானால் வீட்டில் மட்டும் ஏன் இரண்டு? இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டு சுவர்தான் இருக்கிறது என்பதால்! 1958ல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தபோது ஒரு சுவருக்கு ஒரு சானல் என்று இரண்டைத்தான் சுலபமாகப் பதிக்க முடிந்தது. மூன்றாவது வழியில் உதிர்ந்துவிட்டது. ஸ்டீரியோ என்ற கிரேக்க வேர்ச்சொல்லுக்கு 'திடமான' என்றுதான் அர்த்தம், 'இரண்டு' என்று அல்ல. ஆனால் இரண்டு தலைமுறை காதுகள் இரண்டு பெட்டியிலேயே பழகி, நடு என்றாலே மாய நடுதான் என்று ஆகிவிட்டது.

சரி, மாய நடுவில் என்ன குறை? அதை நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு விளக்குவதுதான் கஷ்டம். அவருக்கு அது பிரமாதமாகக் கேட்கும்.

ஒரு திரையரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டிலிருந்து இடது ஸ்பீக்கர் 5 மீட்டர் இந்தப் பக்கம், வலது ஸ்பீக்கர் 5 மீட்டர் அந்தப் பக்கம். ஒருவர் திரையிலிருந்து 10 மீட்டர் தள்ளி, நடுக்கோட்டுக்கு 3 மீட்டர் இடப்புறம் உட்கார்ந்திருக்கிறார். இடது ஸ்பீக்கர் அவருக்கு ஏறத்தாழ 10.2 மீட்டர் தூரம், வலது 12.8 மீட்டர். வித்தியாசம் 2.6 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்றால் இடது ஸ்பீக்கரின் சத்தம் 7.6 மில்லிநொடி முன்னதாக அவர் காதுக்கு வந்துவிடும். நம் மூளைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே சத்தம் இரண்டு திசைகளிலிருந்து கொஞ்சம் முன்பின்னாக வந்தால், முதலில் வந்த திசையைத்தான் அது நம்பும், பின்னால் வந்ததை எதிரொலி என்று ஒதுக்கிவிடும். ஜெர்மானியர் ஹெல்முட் ஹாஸ் 1949ல் தன் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது இந்த வகை விஷயத்தைத்தான். ஆக, இந்த மனிதருக்கு நாயகனின் வாய் திரையின் நடுவில் அசையும், குரல் இடது ஓரத்திலிருந்து வரும். ப்ளம்லைனுக்கு வந்த எரிச்சல் திரும்பவும்!

7.6 மில்லிநொடி கூட வேண்டாம். சுமார் 1 மில்லிநொடி முந்தினாலே மாய நடு முழுதாகப் பக்கத்து ஸ்பீக்கரில் போய் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக் கணக்கு போட்டுப் பாருங்கள். 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு பெட்டிகள், 2 மீட்டர் தூரத்தில் சோபா. சோபாவில் அரை மீட்டர் நகர்ந்து உட்கார்ந்தால் போதும், 1.3 மில்லிநொடி வந்துவிடுகிறது. அதாவது மூன்று பேர் உட்காரும் சோபாவில் மாய நடு கிடைப்பது ஒருவருக்கு மட்டுமே. எந்த வீட்டில் யார் அந்த இடத்தைப் பிடிப்பார் என்று சொல்லவே வேண்டாம்.

நடுவில் உட்கார்ந்தவருக்கும் ஒரு சின்ன நஷ்டம் இருக்கிறது, அவர் கவனிப்பதில்லை. மாய நடுவில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஸ்பீக்கரின் சத்தமும் வருகிறது. பக்கத்து ஸ்பீக்கருடையது முதலில், எதிர்ப்பக்கத்தினுடையது தலையைச் சுற்றிக்கொண்டு கால் மில்லிநொடி போலத் தாமதமாக. இந்தத் தாமதத்துக்கு 2000 ஹெர்ட்ஸ் அருகில் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அமுக்கும். பேச்சின் மெய்யெழுத்துகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் பகுதி அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நிஜ நடு ஸ்பீக்கரிலிருந்து வரும் குரல் இரண்டு காதையும் ஒரே நேரத்தில் தொடுவதால் இந்தப் பள்ளம் கிடையாது. அதனால்தான் ஒரு காரின் சத்தத்தை இடமிருந்து வலமாக இழுக்கும்போது நடு ஸ்பீக்கரைக் கடக்கும் கணத்தில் அது கொஞ்சம் கூர்மையாகி, பிறகு மறுபடி மழுங்குகிற மாதிரி இருக்கும். மென்பொருளில் கோளாறு என்று நினைத்து மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. கார், விமானம் போன்ற ஓடும் சத்தங்களுக்குச் சென்டர் அளவைக் கொஞ்சம் குறைத்தும், ஒரு ஸ்பீக்கருக்குப் போவதைப் பக்கத்து ஸ்பீக்கர்களுக்கும் கசியவிடும் டைவர்ஜென்ஸைக் கூட்டியும் சிலர் இதைச் சமாளிப்பார்கள். அங்கே அது சரிதான். ஓடுகிற கார் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாவிட்டால் யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

வசனம்தான் பிரச்சினை. தன் முதல் குறும்படத்துக்கு ஒலி சேர்க்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா பேசும் காட்சி. குரலை நிஜ நடுவில் வைத்துக் கேட்கிறாள். ஒல்லியாக, ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது. குமிழைத் திருப்பி மாய நடுவுக்கு மாற்றுகிறாள். குரல் அகலமாகிறது, கொஞ்சம் மென்மையும் வருகிறது (அந்த 2000 ஹெர்ட்ஸ் பள்ளத்தின் கைங்கரியம்). இதுதான் நன்றாக இருக்கிறது என்று அவள் முடிவு செய்வதில் ஒரு தப்பும் இல்லை, அவள் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் கேட்டிருக்கும். ஆனால் அந்த நாற்காலி ஸ்டூடியோவிலேயே சிறந்த இடத்தில் போடப்பட்டது. படம் கல்லூரி அரங்கில் ஓடும்போது அப்படிப்பட்ட இடம் ஒரே ஒரு வரிசை, மேலிருந்து கீழாக. மற்ற எல்லோரும் ஏதோ ஒரு பக்கம். அம்மாவாக நடித்தவரே தாமதமாக வந்து ஓரத்து இருக்கையில் உட்கார நேர்ந்தால், தன் முகத்தைத் திரையிலும் தன் குரலைப் பக்கத்துச் சுவரிலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒலிக்கலவை செய்பவருக்கு இந்தத் தொழிலில் வாய்த்த சாபம் இது. கெட்ட இருக்கை எப்படி இருக்கும் என்று அவர் எழுந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும். பெரிய டப்பிங் அரங்குகளிலும் ஓர் ஓரத்து நாற்காலி சும்மா கிடக்கும். அதில் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்பதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை.

இப்போது குமிழுக்குத் திரும்பலாம், ஏனென்றால் அதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. புரோ டூல்ஸில் சென்டர் சதவீதம் 100 என்றால் நடுவில் வைத்த ஒலி முழுதும் நடு ஸ்பீக்கருக்குப் போகும், 0 என்றால் மாய நடு. க்யூபேஸ், நுயெண்டோ மென்பொருள்களின் மல்டிபேனரில் 'சென்டர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்றிருக்கும். அங்கே 0 என்றால்தான் முழுதும் நடு ஸ்பீக்கர், 100 என்றால் மாய நடு! நேரெதிர். ஒன்று நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுகிறது, மற்றது நடுவிலிருந்து எவ்வளவு பக்கங்களுக்குப் போகிறது என்று எண்ணுகிறது. இரண்டுமே நியாயமான கணக்குதான். ஒன்றில் கற்றுக்கொண்டு இன்னொன்றில் வேலைக்குச் சேர்பவர் பாடுதான் திண்டாட்டம்.

0வும் வேண்டாம் 100ம் வேண்டாம், 50ல் வைத்துவிடலாம் என்று தோன்றும். சமாதானப் பேச்சுவார்த்தை மாதிரி இருப்பதால் பலருக்கும் பிடித்த எண் இது. கொஞ்சம் கணக்கு போட்டுவிடலாம். குரலின் மொத்தச் சக்தி 1 என்று இருக்கட்டும். முழுதும் நடுவில் இருந்தால் நடு ஸ்பீக்கரின் அளவு 1. இதை இரண்டு ஸ்பீக்கர் உள்ள டிவிக்குச் சுருக்கும்போது நடுச் சானலை வழக்கமாக 3 டெசிபல் குறைத்து, அதாவது 0.707ஆல் பெருக்கி, இரண்டு பக்கமும் சேர்ப்பார்கள். ஆக ஒவ்வொரு பக்கமும் 0.707. மாய நடுவில் ஆரம்பத்திலேயே இடது 0.707, வலது 0.707, சுருக்கினாலும் அதேதான். இதுவரை வில்லங்கம் இல்லை. இப்போது சக்தியில் பாதி நடுவுக்கு, மீதி பக்கங்களுக்கு என்று பிரித்தால் நடு 0.707, இடது 0.5, வலது 0.5. சுருக்கும்போது இடதில் 0.5 இருக்கிறது, நடுவிலிருந்து 0.707 பெருக்கல் 0.707, அதாவது இன்னொரு 0.5 வருகிறது. மொத்தம் 1. எதிர்பார்த்ததைவிட 3 டெசிபல் அதிகம்! ஸ்டூடியோவில் இசைக்கும் குரலுக்கும் பார்த்துப் பார்த்து வைத்த விகிதம் வீட்டு டிவியில் மாறிவிடுகிறது. ஒரு காட்சியில் 50, அடுத்த காட்சியில் 100 என்று வைத்திருந்தால் ஒரே ஆளின் குரல் காட்சிக்குக் காட்சி ஏறி இறங்கும். அரங்கில் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கோ மூன்று ஸ்பீக்கரிலிருந்து மூன்று நேரத்தில் ஒரே குரல் வந்து, சில அலைகள் கூடி, சில அழிந்து, டின்னுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகும். சமாதானத்தில் இரண்டு தரப்பின் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது.

நியாயமாகப் பார்த்தால் நடுவிலேயே குரலை அடைத்துவைப்பதற்கும் ஒரு விலை உண்டு. சினிமாஸ்கோப் வந்த புதிதில் நடிகர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்தே குரல் வர வேண்டும் என்று வசனங்களைத் திரை முழுக்க நகர்த்தினார்கள். மேடை நாடகம் பார்ப்பதுபோன்ற நீண்ட ஷாட்டில் அது அழகு. ஆனால் இரண்டு பேர் பேசும் காட்சியில் கேமரா கோணம் மாறும்போதெல்லாம் இடது ஆள் வலதுக்கும் வலது ஆள் இடதுக்கும் தாவ, குரல்களும் பந்து மாதிரித் தாவின. கண் வெட்டை மன்னித்துவிடும், காது அவ்வளவு தாராளம் இல்லை. வேறு மொழிக்கு டப் செய்பவர்களும் ஒவ்வொரு வசனத்தையும் மறுபடி நகர்த்த வேண்டியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வசனம் நடுவுக்கே வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகும் மீறியவர்கள் இருக்கிறார்கள். 2013ல் அல்ஃபோன்சோ குவாரோனின் 'கிராவிட்டி' படத்தில் குரல்கள் ஆள் மிதக்கும் திசைக்கெல்லாம், திரைக்கு வெளியேயும் போகும். அந்தப் படத்தில் வெட்டுகள் குறைவு, ஷாட்டுகள் நீளம், மேல் கீழே இல்லாத இடம். அதனால் எடுபட்டது. ஒரு குடும்பப் படத்தின் சாப்பாட்டு மேசைக் காட்சிக்கு அதைக் கொண்டுவந்தால் வம்பு.

இசை உலகத்தில் கதையே வேறு. 2000களின் தொடக்கத்தில் டிவிடி ஆடியோவிலும் எஸ்ஏசிடியிலும் பாட்டுகளை 5.1ல் கலந்தபோது, பாடகரின் குரலைத் தனியாக நடு ஸ்பீக்கரில் வைக்கப் பலர் தயங்கினார்கள். வீடுகளில் நடு ஸ்பீக்கர் என்பது டிவிக்குக் கீழே படுத்துக்கிடக்கும் சின்னப் பெட்டியாக இருக்கலாம், இடது வலதோடு அதன் குணம் பொருந்தாது என்பது ஒரு காரணம். இன்னொன்று சொல்லவே சங்கடமானது. மற்ற நான்கு ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டால் பாடகரின் குரல் துணையில்லாமல், ஒட்டுப்போட்ட இடமெல்லாம் தெரியத் தனியாகக் கேட்கும். எந்தப் பாடகருக்குத்தான் அதற்கு மனசு வரும்!

கடைசியில் எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் கோப்பை அனுப்பும்போது வழுக்க ஓர் இடம் இருக்கிறது. புரோ டூல்ஸ் பழக்கப்படி சினிமாக்காரர்களின் வரிசை இடது, நடு, வலது, இடது சரவுண்ட், வலது சரவுண்ட், சப்வூஃபருக்குப் போகும் எல்எஃப்ஈ. இன்னொரு பரவலான வரிசை இடது, வலது, நடு, எல்எஃப்ஈ, பிறகு சரவுண்ட் இரண்டும். முதல் வரிசையில் எழுதிய கோப்பை இரண்டாவது வரிசை என்று நினைத்துத் திறந்தால் வசனம் முழுதும் வலது ஸ்பீக்கரில் போய் உட்காரும், வலதுபக்க இசை நடுவுக்கு வரும், பின்னால் இடதுபக்கம் கேட்க வேண்டிய மழைச் சத்தம் சப்வூஃபருக்குள் விழுந்து காணாமல் போகும். கணினியில் இரண்டே ஸ்பீக்கரை மாட்டிவிட்டு 5.1 என்று அமைத்துவைத்தவர்களுக்கு இதன் தம்பி ஒருவன் அறிமுகமாகியிருப்பான். பாட்டும் வெடிச்சத்தமும் கணீரென்று கேட்கும், ஆட்கள் மட்டும் வாயசைப்பார்கள். படத்தின் ஒலி சரியில்லை என்று தீர்ப்புச் சொல்வதற்குமுன் அந்த அமைப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

2012ல் வந்த டால்பி அட்மாஸில் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்புவதற்குப் பதில் 'இந்த இடத்தில் வை' என்று மட்டும் சொல்லிவிடலாம். எந்த ஸ்பீக்கர் எவ்வளவு கத்த வேண்டும் என்பதை அரங்கில் இருக்கும் கருவி அந்த அரங்குக்கு ஏற்பக் கணக்கிட்டுக்கொள்ளும். நடு ஸ்பீக்கர் இருந்தால் நிஜ நடு, இல்லாவிட்டால் மாய நடு. அந்தப் பழைய கேள்வியைக் கருவியின் தலையில் கட்டிவிட்டமாதிரித்தான். ஆனாலும் வசனத்தை மட்டும் பெரும்பாலோர் இன்றும் அப்படி மிதக்கவிடுவதில்லை. 'பெட்' என்று சொல்லப்படும் நிலையான சானல்களில், 1933ல் இருந்த அதே நடுவில்தான் வைக்கிறார்கள்.